'பயின' எப்படி 'பின்' ஆனது

"மிஸ், ஃபோனிக்ஸ் கோர்ஸ் முழுசா முடிச்சிட்டான். 26 எழுத்துக்கும் சத்தம் தெரியும். ஆனா ஒரு வார்த்தைகூடப் படிக்க மாட்டேங்கிறான்."

நங்கநல்லூரில் என் மாடி அறைக்கு வரும் அம்மாக்களில் பாதிப் பேர் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். ஃபோனிக்ஸ் என்றால் எழுத்தின் பெயரை விட்டுவிட்டு அதன் ஒலியைக் கற்று, ஒலிகளைக் கோத்துப் படிக்கும் முறை. இந்த அம்மாவின் மகன் ஒன்றாம் வகுப்பு. பி, ஐ, என் என்று மூன்று காந்த எழுத்துகளைப் பலகையில் வைத்தேன். "ப... இ... ன..." என்று டக்கென்று சொன்னான்.

"சேர்த்துச் சொல்லு கண்ணா."

"பயின."

சரியாகத்தான் சேர்த்திருக்கிறான். அவனுக்குக் கொடுத்த ஒலிகளில்தான் கோளாறு. வகுப்பே கூடி உரக்கக் கத்தும்போது 'ப்' என்பது 'ப' ஆகிவிடும்; ஒவ்வொரு மெய்யின் வாலிலும் ஓர் அகரம் ஒட்டிக்கொள்ளும். 'சி-ஏ-டி கேட்' என்று படித்த நாமும் இதே கேஸ்தான். அந்த மூன்று பெயரையும் சேர்த்தால் 'சியேடி'தான் வரும். நாம் ஒப்பித்தே தப்பித்தோம்.

"தமிழ்ல 'ப'வுக்குப் புள்ளி வெச்சா?"

"இப்."

"முன்னாடி இருக்கிற 'இ' வேண்டாம். உதட்டை மூடித் திற, போதும்."

"ப்... இ... ன்..." இரண்டு முறை முணுமுணுத்தான். "பின்! அம்மா புடவைல குத்துறது!"

புள்ளி தெரிந்த குழந்தைக்கு ஃபோனிக்ஸ் பாதி தெரிந்த மாதிரி. ப்+இ=பி என்று உயிர்மெய் கற்ற பிள்ளைக்கு ஒலியைக் கோப்பது புது வித்தை இல்லை. அதனால் "வீட்ல இங்கிலீஷ் மட்டும் பேசட்டுமா மிஸ்?" என்று கேட்பவர்களிடம் வேண்டாம் என்பேன். தமிழில் சொல் விளையாட்டு விளையாடுங்கள். 'கல்'லில் 'க்'கை எடுத்துவிட்டு 'ப்' போட்டால் என்ன வரும்? சமைத்துக்கொண்டே கேட்கலாம், பேப்பரும் பென்சிலும் வேண்டாம். எழுத்தில் இறங்கும்போது 'ஸ்ஸ்ஸ்', 'ம்ம்ம்' என்று இழுக்க முடிகிற ஒலிகளில் தொடங்கினால் கோப்பது சுலபம். 'ப்', 'ட்' இழுபடாது.

தமிழ்க் காது இடறும் இடங்களும் உண்டு. ஆங்கிலத்தில் 26 எழுத்துக்கு ஏறக்குறைய 44 ஒலிகள். நமக்கோ ஒரே 'ப' இடத்துக்குத் தகுந்த மாதிரி ஒலி மாறும். 'பம்பரம்' என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். முதல் 'ப' வேறு, 'ம்'முக்கு அடுத்த 'ப' வேறு. ஆங்கிலத்தில் அவை இரண்டு தனி எழுத்துகள். தமிழில் எழுதும் எனக்கே இரண்டும் 'பி'தான் என்பதால் பேனாவின் பென்-பி, பந்தின் பால்-பி என்று பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது! அப்புறம் 'புக்கு', 'பஸ்ஸு', 'இஸ்கூலு'. பேச்சில் இருந்துவிட்டுப் போகட்டும். ஒலி பிரிக்கும்போது மட்டும் அந்த 'உ'வையும் 'இ'யையும் கழற்ற வேண்டும்.

மூன்றே மாதத்தில் சரளமாகப் படிக்கும் என்று அபார்ட்மெண்ட் நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறவர்களிடம் எனக்குச் சண்டை உண்டு. அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000இல் தந்த அறிக்கை, முறையாகக் கற்பிக்கும் ஃபோனிக்ஸ் பலன் தரும் என்றது உண்மை. அதே அறிக்கை ஒலி உணர்வு, சரளம், சொல்வளம், புரிதல் ஆகியவற்றையும் சேர்த்து ஐந்தாகப் பேசியது. 'பின்' அவனுக்குப் பிடிபட்டது, அம்மாவின் புடவையில் அதைப் பார்த்திருந்ததால். பார்க்காத, கேட்காத சொல்லைக் கோத்துப் படித்தால் அது வெறும் சத்தம்.

இவ்வளவும் செய்தும் இரண்டாம் வகுப்பு முடியும்போது ஒலிகளைக் கோக்கத் திணறினால் முதலில் காதையும் கண்ணையும் சோதியுங்கள். அடிக்கடி சளி பிடித்துக் காது அடைக்கும் பிள்ளையா என்று கவனியுங்கள். பிறகு டிஸ்லெக்ஸியா, அதாவது எழுத்தைப் படிப்பதில் வரும் கற்றல் சிரமம், இருக்கிறதா என்று மதிப்பீடு. அதற்காகவே மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் 1991 முதல் நம் ஊரில் இருக்கிறது. "சோம்பேறி" என்று பட்டம் கட்டிவிட்டு வருஷத்தை ஓட்ட வேண்டாம்.

அந்தப் பையன் போன வாரம் தானாக ஒரு சொல் எழுதிக் காட்டினான்: பம்ப். கடைசி எழுத்துக்குப் பென்-பிக்குப் பதில் பால்-பி போட்டிருந்தான். அவன் வீட்டில் தண்ணி மோட்டாரைப் 'பம்பு' என்றுதான் சொல்வார்கள். 'ம்'முக்கு அடுத்து வருவதைக் காது கேட்டபடியே எழுதியிருக்கிறான். சிவப்புப் பேனாவை எடுக்கவில்லை. "பம்பரத்தை இன்னொரு தடவை சொல்லு கண்ணா" என்றேன்.