விடியல் வெளிச்சமும் அதில் குளிர்ந்து கிடக்கும் உயிர்களும்

இயற்கைப் புகைப்படம் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, காலையில் எத்தனை மணிக்கு இடத்தில் இருப்பீர்கள் என்பதைத்தான். "சூரியன் உதிக்கும்போது" என்பார்கள் பலரும். அது தாமதம். உதயத்துக்கு 40 நிமிடம் முன்பே முக்காலியை ஊன்றி, சத்தமில்லாமல் நின்றுவிட வேண்டும். வெளிச்சத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்த வெளிச்சத்தில் நாம் படமெடுக்கப்போகும் உயிர்களுக்கு நாளின் மிகப் பலவீனமான நேரமும் அதுதான். நாம் தாமதமாகப் போய் அவசரப்படும்போது அடிபடுவது அவைதான்.

முதலில் வெளிச்சத்தைப் பார்ப்போம். சூரியன் அடிவானத்துக்குக் கீழே 6 டிகிரி அளவில் இருக்கும்போதே வானம் ஆழ்ந்த நீலமாகத் தெரியும். ஒளி வளிமண்டலத்தின் ஊடே நெடுந்தூரம் சாய்வாக வருவதால், அதிலுள்ள ஆரஞ்சு, சிவப்பு நிறங்களில் ஒரு பகுதியை ஓசோன் உறிஞ்சிக்கொள்கிறது. அந்த நீலத்துக்கு அது முக்கியக் காரணம். நிழலே விழாத இந்தச் சில நிமிடங்கள் நீர்நிலைகளுக்கும் மூடுபனிக்கும் ரொம்பவே பொருந்தும். அப்புறம் சூரியன் எட்டிப் பார்க்கும். அப்போது அதன் கதிர், தலைக்கு நேர் மேலே இருக்கும்போது கடப்பதைப் போலச் சுமார் 38 மடங்கு காற்றைக் கடந்து நம்மிடம் வருகிறது. நீலம் வழியிலேயே சிதறிப்போய், மஞ்சளும் சிவப்பும் மிஞ்சுகின்றன.

உதயத்தை ஒட்டிய பொன்னிற வெளிச்சத்துக்கு வைத்திருக்கும் 'கோல்டன் ஹவர்' என்ற பெயரை நம்பி ஒரு முழு மணி நேரம் இருக்கிறது என்று கணக்குப் போடாதீர்கள். சூரியன் 6 டிகிரி உயரும்வரைதான் அந்த இளவெயில் நிறம் நிற்கும். நிலநடுக்கோட்டுப் பகுதிகளில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக ஏறுவதால் சுமார் 25 நிமிடத்தில் முடிந்துவிடும். துருவங்களை நோக்கிப் போகப் போக அது சாய்ந்து ஏறும், நேரமும் நீளும்.

கேமராவில் கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். நிறச் சாய்வைத் தானாகச் சரிசெய்யும் ஆட்டோ வைட் பேலன்ஸ், காலை மஞ்சளைக் குறையாக எடுத்துக்கொண்டு அதை அழித்துவிடும். 'டேலைட்' அமைப்பில் வையுங்கள். கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் 'ரா' (RAW) கோப்பாக எடுத்தால் பிறகும் திருத்தலாம். வெளிச்ச அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தில் சிவப்பு நிறத்துக்கான கோட்டைத் தனியாகப் பாருங்கள், இந்த வெளிச்சத்தில் முதலில் வெளிறிப்போவது சிவப்பாகத்தான் இருக்கும். மூடுபனியைக் கேமரா சாம்பல் நிறமாக்கிவிடும் என்பதால் எக்ஸ்போஷரை (கேமரா வாங்கும் ஒளியின் அளவை) ஒரு ஸ்டாப் வரை, அதாவது இரண்டு மடங்கு வரை, கூட்ட வேண்டியிருக்கும். சூரியனைக் குறிவைக்கும்போது டெலிலென்ஸ் (தொலைவில் உள்ளதைப் பெரிதாக்கும் லென்ஸ்) மாட்டிய கேமராவின் ஆப்டிகல் வியூஃபைண்டரில் (லென்ஸ் வழியே நேராகப் பார்க்கும் கண்ணாடியில்) கண்ணை வைக்கவே கூடாது. பார்வை போய்விடும்.

வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதுதான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியம். பனி படிந்த ஒரு சிலந்தி வலையை எடுத்துக்கொள்ளுங்கள். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் வலை இருப்பதே சரியாகத் தெரியாது. சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்து, சூரியன் வலைக்குப் பின்னால் சற்று ஓரமாக இருக்கும்படி உட்காருங்கள். இன்னும் வெயில் படாத புதரைப் பின்னணியாக வையுங்கள். தலையை மெல்ல இடமும் வலமும் நகர்த்தினால், ஒரு குறிப்பிட்ட கோணத்தில் இழை இழையாக ஒவ்வொரு துளியும் பற்றிக்கொள்ளும். ஒரு சாண் தள்ளினால் எல்லாம் அணைந்துவிடும். லென்ஸில் நேரடி வெயில் விழாதபடி அதன் முனையில் ஹூடை (நிழல் தரும் மறைப்பை) போடுங்கள், அல்லது கையால் மறையுங்கள். பறவை இறகின் விளிம்பும் மான் காதின் ரோமமும் மின்னுவதும் இதே கோணத்தில்தான்.

சரி, இனி பூச்சிகளுக்கு வருகிறேன். தெளிவான இரவுக்குப் பின் விடியும்போது தரையை ஒட்டிக் காற்று பெரும்பாலும் அசையாது. வெயில் ஏறித் தரை சூடான பிறகுதான் காற்று எழும்பும். பட்டாம்பூச்சிகளும் தட்டான்களும் உடல் குளிர்ந்து, தண்டைப் பற்றியபடி அசைவற்று இருக்கும். பறக்கும் தசைகள் 30 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறும்வரை பல பட்டாம்பூச்சிகளால் ஒழுங்காகப் பறக்க முடியாது. அதனால்தான் முக்காலியில் வைத்து எஃப் 11 (சிறிய லென்ஸ் துவாரம்), ஐஎஸ்ஓ 200 (குறைந்த ஒளியுணர்திறன்), பத்தில் ஒரு விநாடி என்று நிதானமாக எடுக்க முடிகிறது. அந்த அசைவின்மையைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது கொடுமை. பின்னணி பிடிக்கவில்லை என்று தண்டை ஒடித்து வேறிடத்தில் நடுகிறார்கள். விரலால் தட்டி இறக்கையை விரிக்க வைக்கிறார்கள். கீழே விழுந்த பூச்சி பறந்து தப்ப முடியாமல் எறும்புக்கு இரையாகலாம். தண்டைத் தொடாமல், முக்காலியை நகர்த்திப் பின்னணியை மாற்றுங்கள். எப்படியும் சரிவரவில்லையா, அந்தப் பூச்சியை விட்டுவிட்டு அடுத்ததைத் தேடுங்கள்.

இதைவிட மோசமானதும் நடக்கிறது. பூச்சியைப் பிடித்து ஃப்ரிட்ஜில் வைத்து மரத்துப்போகச் செய்து, ஸ்ப்ரேயரால் தண்ணீரோ கிளிசரினோ தெளித்து, 'அதிகாலைப் பனியில்' என்று படத்துக்குத் தலைப்புப் போடுகிறார்கள். அந்தப் படத்துக்கு விழும் பாராட்டைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் அதையே செய்கிறார்கள். எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் விஷயம் இது.

பறவைகளுக்கும் விடியல் நெருக்கடியான நேரம். சிறிய பறவைகள் சேமித்த கொழுப்பை எரித்துத்தான் இரவைக் கடக்கின்றன. விடிந்ததும் இரை தேடியாக வேண்டும். அப்போது நாம் துரத்தினால், அவை சாப்பிட வேண்டிய நேரத்தைப் பறிக்கிறோம். கூட்டின் பக்கம் காலையில் போகவே வேண்டாம். தாய் எழுந்து போனால் இறகு முளைக்காத குஞ்சுகள் குளிரில் விறைத்துவிடும். பறவை இரை தேடுவதை நிறுத்தி உங்களையே பார்த்தால், அதற்கு நீங்கள் ஏற்கெனவே அதிக நெருக்கம். பின்வாங்குங்கள். இருட்டிலேயே வந்து அமர்ந்துவிட்டால் இந்தத் தொல்லையே பெரும்பாலும் வராது, பறவைகள் தாமாகவே பக்கத்தில் வரும்.

பனிப் படம் ஒன்று உங்கள் பார்வைக்கு வந்தால், லைக் போடும் முன் பூச்சியைச் சுற்றிப் பாருங்கள். இயற்கைப் பனி பாகுபாடு பார்க்காது. இறக்கை, மீசை, ரோமம், நிற்கும் தண்டு, பக்கத்துப் புல் என எல்லாவற்றிலும் பொடிப்பொடியாகப் படிந்திருக்கும். பூச்சியின் மேல் மட்டும் பெரிய துளிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்து, புல் உலர்ந்திருந்தால் சந்தேகப்படலாம். நடுவராக உட்காரும்போது அப்படிப்பட்ட படம் வந்தால், ரா கோப்புடன், அதற்கு முன்னும் பின்னும் எடுத்த ஃப்ரேம்களையும் கேட்டு வாங்கிப் பார்க்கிறேன். போட்டி நடத்துகிறவர்கள் இதை விதியாகவே எழுதி வைக்கலாம்.