குரல் உயராத வீடுகள்: மலையாளப் படங்களும் என் ஆலோசனை அறையும்

எர்ணாகுளத்தில் குடும்பநல ஆலோசகராக நான் பணியைத் தொடங்கிய காலத்தில், வீட்டில் என்ன சிக்கல் என்று கேட்டால், பெண்கள் பலரும் "அவர் அடிப்பதெல்லாம் இல்லை" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள். அடி விழாத வீட்டைப் பற்றிக் குறை சொல்லத் தங்களுக்கு உரிமை இல்லை என்பது அவர்களுடைய எண்ணம். 2021 ஜனவரியில் ஜியோ பேபி இயக்கிய 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' வெளியான பின் அந்த எண்ணம் மாறிவிட்டது என்று சொன்னால் அது மிகை. ஆயினும், "அந்தப் படத்தில் வரும் மாமனாரைப் போல" என்று ஒரே வரியில் தங்கள் வீட்டை விளக்க அவர்களுக்கு ஒரு வழி கிடைத்தது.

அந்த மாமனார் மருமகளை அதட்டுவதே இல்லை. குக்கரில் வைக்காமல் விறகடுப்பில் சோறு வடிக்கலாமே, துணியை மெஷினில் போடாமல் கையால் துவைக்கலாமே என்று இதமாகத்தான் கேட்கிறார். இதமாகக் கேட்பவரை எப்படி மறுப்பது? கணவரோ வீட்டில் முருங்கைக்காய்ச் சக்கையை மேசை மீதே போடுகிறவர், ஹோட்டலில் மட்டும் அதைத் தனியாக ஒதுக்கி வைக்கிறார். மனைவி அதைச் சிரித்தபடி சுட்டிக்காட்டியதற்கு அவளை மன்னிப்புக் கேட்க வைக்கிறார். என்னிடம் வந்த ஒருவர் இந்தக் காட்சியைப் பற்றிப் பேசும்போது, "நான் சக்கையைத் தட்டிலேயே வைக்கிறேன், மேடம்" என்று உறுதியாகச் சொன்னார். மனைவியின் வேலை விண்ணப்பத்தை அனுப்பவிடாமல் தடுத்தவர் அவர்; படத்திலும் அதே தடை இருந்தது அவர் நினைவில் நிற்கவில்லை.

பெண்களைப் படிக்கவைப்பதில் பெருமைகொள்ளும் கேரளக் குடும்பங்கள் பலவற்றில், அந்தப் படிப்பு கல்யாணப் பேச்சோடு நின்றுவிடுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அடியை மட்டும் வன்முறையாகக் கொள்வதில்லை. இழிவான பேச்சு, மன உளைச்சல், பணத்தை முடக்குதல் ஆகியவையும் அதில் அடங்கும் என்பதை ஒவ்வொரு முறையும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. உதவி வேண்டுவோர் 181 என்ற எண்ணை அழைக்கலாம்.

எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. 2019இல் வந்த 'கும்பளங்கி நைட்ஸ்' படத்தில் பஹத் பாசில் ஏற்ற, சிரித்த முகத்தோடு வீட்டையே அடக்கி ஆளும் கணவனான ஷம்மி பாத்திரத்தின் பெயர் இப்போது ஒரு வசைச்சொல்லாகவே ஆகிவிட்டது. "என் கணவர் ஒரு ஷம்மி" என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் விசாரிக்க ஒன்றுமில்லை என்று வருபவர்கள் நினைக்கிறார்கள். நான் கேட்பதோ நேற்று இரவு உண்மையில் என்ன நடந்தது என்பதைத்தான்.

அதே படத்தில் மூத்த அண்ணன் சஜி, தன் மனம் தன் பிடியில் இல்லை என்பதை உணர்ந்து, டாக்டரிடம் கூட்டிப்போகும்படி கடைசித் தம்பியிடம் கேட்கிறான். அங்கே போய் டாக்டர்மீது சாய்ந்து அழுகிறான். இந்தக் காட்சியை ஆண்கள் யாரும் என்னிடம் தாங்களாகக் குறிப்பிட்டதில்லை. ஆனால், சென்ற மழைக்காலத்தில் ஐம்பது வயதை நெருங்கும் ஒருவரை அவருடைய தம்பி அழைத்துவந்தார். அண்ணன் உள்ளே பேசிக்கொண்டிருந்த ஒரு மணி நேரமும், நனைந்த குடையை மடியில் வைத்தபடி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.