எதிராளி இல்லாத நகரம்: தனியாட்டப் பலகை விளையாட்டு இயங்கும் விதம்

பல்லாங்குழியில் சீதைப் பாண்டி என்றோர் ஆட்டம் உண்டு. அசோகவனத்தில் தனித்திருந்த சீதை ஆடியதாக வழங்கப்படும் அந்த ஆட்டத்துக்கு ஒருவரே போதும். ஆனால் காய்களை அள்ளிக் குழிதோறும் ஒவ்வொன்றாக இட்டுச் செல்வதில் தற்செயலுக்கு இடமில்லை. அதே நிலையில் அதே குழியிலிருந்து எடுத்தால் எத்தனை முறை ஆடினாலும் அதே விளைவுதான் கிடைக்கும். இருவர் ஆடும்போது நிச்சயமின்மையைக் கொண்டுவருவது எதிரில் இருப்பவரின் மனம். அவர் எழுந்து போய்விட்டால் அதுவும் அவரோடு போய்விடுகிறது. அப்படியிருக்க, சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடொன்றின் சாப்பாட்டு மேசையில் ஒருவர் தனியாக அமர்ந்து அட்டைகளால் ஒரு நகரத்தைக் கட்டி, அதில் தோற்கவும் வெல்லவும் முடிகிறதே, அது எப்படி?

2018இல் வெளிவந்த ‘ஸ்ப்ராலோபோலிஸ்’ என்ற சீட்டு விளையாட்டு இதைப் புரிந்துகொள்ள மிகவும் ஏற்றது. அதில் இருப்பவை 18 சீட்டுகள் மட்டுமே. ஒவ்வொரு சீட்டின் ஒரு பக்கத்தில் குடியிருப்பு, வணிகம், தொழிற்சாலை, பூங்கா ஆகிய நான்கு கட்டங்களும் அவற்றினூடே செல்லும் சாலைகளும் வரையப்பட்டிருக்கும். மறுபக்கத்தில் ஒரு நிபந்தனையும் 1 முதல் 18 வரையிலான ஓர் எண்ணும் இருக்கும். ஆட்டத்தின் தொடக்கத்தில் மூன்று சீட்டுகளைத் திருப்பி வைக்கிறோம். அவற்றின் நிபந்தனைகளே அன்றைய நகரத்தின் சட்டங்கள்; அவற்றின் எண்களின் கூட்டுத்தொகையே நாம் எட்ட வேண்டிய இலக்கு. பதினெட்டிலிருந்து மூன்றை 816 விதமாகத் தேர்ந்தெடுக்கலாம் என்பதால், ஒரு சட்டைப்பையில் அடங்கிவிடும் இந்தக் கட்டு 816 வெவ்வேறு சிக்கல்களைத் தருகிறது. இலக்கு மிகக் குறைந்தால் 6, மிகக் கூடினால் 51. எதிராளியின் புள்ளிகளுக்குப் பதிலாக இந்த எண் எதிரே நிற்கிறது.

மீதமுள்ள 15 சீட்டுகள்தாம் நகரமாகின்றன. ஒன்று மேசையில் தொடக்கமாக வைக்கப்படும், மூன்று கையில் இருக்கும், பதினொன்று கவிழ்ந்து கிடக்கும். ஒன்றை வைத்துவிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். இங்கே கவனிக்க வேண்டியது, சீட்டுக்கட்டின் தற்செயலும் தாயக்கட்டையின் தற்செயலும் ஒன்றல்ல என்பது. 0, 1, 2, 3 எனக் குறித்த இரண்டு நான்முகக் கட்டைகளை உருட்டினால் தாயம் விழும் வாய்ப்பு எட்டில் ஒன்று. பத்து முறை விழாமல் போயிருந்தாலும் பதினோராவது முறையிலும் அது எட்டில் ஒன்றுதான், ஏனெனில் கட்டைக்கு நினைவு கிடையாது. சீட்டுக்கட்டோ தன்னிடமிருந்து வெளியேறியதைத் திரும்பத் தருவதில்லை. கவிழ்ந்து கிடக்கும் பதினொன்றில் நான்கு சீட்டுகள் நம் பூங்காவை விரிவாக்க உதவும் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த மூன்று எடுப்புகளில் அவற்றில் ஒன்றுகூட வராமல் போகும் வாய்ப்பு 7/11, 6/10, 5/9 ஆகியவற்றின் பெருக்கற்பலன், அதாவது ஏறத்தாழ 21 விழுக்காடு. அப்படியே வராமல் போனாலும் எஞ்சிய எட்டில் நான்கு நமக்கானவை என்பதால், அதற்கடுத்த எடுப்பின் வாய்ப்பு பாதியாக உயர்ந்துவிடும்.

எல்லாச் சீட்டுகளும் எப்படியும் வந்தே தீரும். எது வரும் என்பதில் ஐயமில்லை, எப்போது வரும் என்பதில் மட்டுமே ஐயம். தொடக்கத்தில் மிகுதியாக இருக்கும் அந்த ஐயம் ஒவ்வொரு சீட்டுக்கும் சிறிது குறைந்து, கடைசி மூன்று கைக்கு வந்ததும் முற்றிலும் மறைந்துவிடுகிறது. ஆகவே ஒரே ஆட்டம் சூதாட்டத்தின் தன்மையோடு தொடங்கித் தூய தருக்கப் புதிராக முடிகிறது. இந்த மாற்றமே தனியாட்டத்தின் உயிர்நாடி என்று நான் கருதுகிறேன். எண்ணிப் பார்க்கிற ஆட்டக்காரருக்கும் எண்ணாத ஆட்டக்காரருக்கும் இடையிலான வேறுபாடு இங்கேதான் தெரிகிறது.

தற்செயல் மட்டும் போதாது. இலக்குகள் ஒன்றோடொன்று மோதவும் வேண்டும். ஒவ்வொரு வகையிலும் மிகப் பெரிய தொகுதியிலுள்ள கட்டங்களுக்குத் தலா ஒரு புள்ளி கிடைக்கும், ஒவ்வொரு தனிச் சாலைக்கும் ஒரு புள்ளி குறையும். இரு சாலைகளை இணைத்தால் தண்டனை ஒன்று குறைகிறது, ஆனால் அப்படி இணைக்கும்போது பூங்கா துண்டாகிப் போகலாம். இதற்கு மேல் மூன்று நிபந்தனைகள் வேறு திசைகளில் இழுக்கின்றன. ஒவ்வொரு முறையும் உடனடியாக அதிகப் புள்ளி தரும் இடத்தில் சீட்டை வைப்பதைக் கணினியியலில் பேராசை வழிமுறை என்பார்கள். அது விரைவானது, ஆனால் பெரும்பாலும் நடுத்தரமான நகரத்தோடு நின்றுவிடும். இரண்டு புள்ளிகளை இப்போது விட்டுக்கொடுத்தால்தான் பின்னால் ஆறு புள்ளி பெறும் இடம் திறக்கும் என்பது அதன் கண்ணுக்குத் தெரியாது. ஏற்கெனவே வைத்த கட்டங்களின்மேல் புதிய சீட்டை வைத்து மூடலாம் என்ற விதி இருப்பது, இத்தகைய முட்டுச்சந்திலிருந்து ஒரு விலை கொடுத்து வெளியேறுவதற்காகத்தான்.

சிங்கப்பூரில் வாழ்பவர்களுக்கு இந்த மோதல் புதியதல்ல. பாய லேபாரில் இருந்த பயணிகள் விமான நிலையத்தை விரிவாக்கினால், சுற்றிலும் வளர்ந்துவந்த குடியிருப்புகள் இரைச்சலில் சிக்கும் என்ற நிலையில், 1975இல் சாங்கிக்கு மாறுவதென முடிவானது. கடலின்மீது விமானங்கள் ஏறி இறங்கும்படி அமைந்த சாங்கி விமான நிலையம் 1981இல் செயல்படத் தொடங்கியது. அருகில் எது இருக்கிறது என்பதே ஓரிடத்தின் மதிப்பைத் தீர்மானிக்கிறது என்ற இந்த அண்மை விதியைத்தான் நகர விளையாட்டுகள் அனைத்தும் கடன் வாங்கியிருக்கின்றன. மேக்ஸ்வெல் சாலையிலுள்ள சிங்கப்பூர் நகரக் காட்சிக்கூடத்தின் பெரிய மாதிரி நகரத்தைப் பார்த்தவர்கள், ஒரு துண்டை நகர்த்தினால் எத்தனை துண்டுகள் அசையும் என்பதை அங்கேயே ஊகித்துப் பார்க்கலாம்.

2012இல் வந்த ‘சபர்பியா’ என்ற பலகை விளையாட்டு வேறொரு சிக்கலை எதிர்கொள்கிறது. அதில் அறுகோண வில்லைகளை ஒரு சந்தையிலிருந்து வாங்கி நம் புறநகரில் சேர்க்க வேண்டும். சந்தையில் ஏழு வில்லைகள் வரிசையாக இருக்கும். புதிதாக வருவதற்குக் கூடுதலாகப் 10 டாலர் கொடுக்க வேண்டும். முன்னால் இருப்பவை விற்கப்பட விற்கப்பட அது நகர்ந்து 8, 6, 4, 2 என மலிந்து, இறுதியில் கூடுதல் விலையே இல்லாத இடத்துக்கு வரும். நால்வர் ஆடும்போது மலியட்டும் எனக் காத்திருப்பது ஆபத்தானது, ஏனெனில் வேறொருவர் எடுத்துவிடலாம். தனியாக ஆடும்போது எடுக்க ஆளில்லை. காத்திருப்பதற்கு விலை இல்லாமல் போனால் சந்தை என்ற பொறியே செயலிழந்துவிடும்.

இதற்குத் தீர்வாக அமைவதே மனிதரற்ற போட்டியாளர், அதாவது சீட்டோ எளிய விதியோ இயக்கும் ஒரு போலி ஆட்டக்காரர். டென்மார்க்கைச் சேர்ந்த வடிவமைப்பாளர் மார்ட்டன் மோன்ராட் பெடர்சன் ‘ஆட்டோமா’ என்ற பெயரில் வளர்த்தெடுத்த அணுகுமுறையின் அடிப்படை மிக எளிமையானது: போலி ஆட்டக்காரர் மனிதரைப் போலச் சிந்திக்கத் தேவையில்லை, மனிதரால் நமக்கு ஏற்படும் பாதிப்பை மட்டும் ஏற்படுத்தினால் போதும். அவருக்குச் சொந்தமாக நகரம் வேண்டாம், பணக் கணக்கு வேண்டாம். நாம் கண் வைத்திருக்கும் வில்லையைச் சில வேளைகளில் எடுத்துச் சென்றால் போதும். அப்படியொருவர் சுற்றுக்கு ஒரு வில்லையை, ஏழில் ஏதேனும் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு அகற்றுவதாகக் கொண்டால், நமக்கு வேண்டிய வில்லை மூன்று சுற்றுகள் தப்பிப் பிழைக்கும் வாய்ப்பு ஏழில் ஆறின் மூன்றாம் அடுக்கு, அதாவது சுமார் 63 விழுக்காடு. உடனே வாங்குவதா, காத்திருப்பதா என்ற கேள்வி மறுபடியும் உயிர் பெற்றுவிடுகிறது. இத்தனை சிறிய பொறி இத்தனை பெரிய வெற்றிடத்தை நிரப்புவது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. பேரம் பேசுவதையும் ஏய்ப்பதையும் மட்டும் இந்தப் போலி ஆட்டக்காரரால் ஈடுசெய்ய முடியாது. ஆகவே அவை மையமாக உள்ள விளையாட்டுகள் தனியாட்டத்துக்குப் பொருந்துவதில்லை.

சபர்பியாவில் இன்னொரு எதிர்ப்பும் உள்ளேயே பொதிந்திருக்கிறது. மக்கள்தொகைப் பலகையிலுள்ள சிவப்புக் கோடு ஒன்றைக் கடக்கும்போதெல்லாம் நம் வருமானமும் நற்பெயரும் ஒவ்வொரு படி இறங்கும். வளர்ச்சியே வளர்ச்சிக்குத் தடையாகும் இந்த எதிர்மறைப் பின்னூட்டத்தால், முன்கூட்டியே வேகமாகப் பெருகிய ஊர் பிற்பாதியில் திணறுகிறது. இதற்கு எதிராளியே தேவையில்லை.

இவையெல்லாம் சரியாக இயங்க, சீட்டு உண்மையாகவே கலைந்திருக்க வேண்டும். 52 சீட்டுக் கட்டை இரண்டாகப் பிரித்து ஒன்றனுள் ஒன்றாகச் செருகும் முறையில் ஏறத்தாழ ஏழு முறை கலைக்க வேண்டும் என்று கணிதவியலாளர்கள் டேவ் பேயரும் பெர்சி டயகோனிசும் 1992இல் நிறுவினர். சிறிய கட்டுக்குச் சற்றுக் குறைவாகவே போதும். ஆனால் ஒன்றிரண்டு முறை மட்டும் கலைத்தால் சென்ற ஆட்டத்தில் அடுத்தடுத்து வைத்த சீட்டுகள் இந்த ஆட்டத்திலும் அருகருகே வரும்.

தன் ஆட்டம் மேம்படுகிறதா என்று அறிய விரும்புபவருக்கு, புள்ளிகளைக் குறித்து வைப்பது மட்டும் போதாது, ஏனெனில் நல்ல வரிசை வந்ததா நல்ல முடிவு எடுத்தோமா என்பதை அந்த எண் பிரித்துக் காட்டாது. ஸ்ப்ராலோபோலிஸ் சீட்டுகளில் எண்கள் இருப்பதால் ஒரு வழி உண்டு. ஆட்டம் முடிந்ததும், சீட்டுகள் வந்த வரிசையை எழுதி, அதே விளையாட்டை வைத்திருக்கும் நண்பரின் வீட்டார் ஒருவருக்கு அனுப்பலாம். அவர் அந்த வரிசையில் கட்டை அடுக்கிக் கொடுக்க, நண்பர் அதைப் பார்க்காமல் ஆடலாம். சட்டங்களும் வரிசையும் இருவருக்கும் ஒன்றே என்பதால், புள்ளிகளில் தெரியும் வேறுபாட்டைச் சீட்டின்மேல் சுமத்த முடியாது. பிறகு இரு நகரங்களின் படங்களையும் அருகருகே வைத்து, எந்தச் சீட்டில் இருவரும் பிரிந்தார்கள் என்று தொடக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்கலாம்.