லத்தீன் உறவுச் சொற்கள்: ஆங்கிலம் வழியே போனால் முறை மாறும்

லத்தீன் படிக்கத் தொடங்குபவர் கையில் பெரும்பாலும் இருப்பது ஆங்கிலப் பாடநூல் அல்லது கைபேசிச் செயலி. அதில் 'பத்ருவுஸ்' என்பதற்கு அங்கிள் என்று இருக்கும். 'அவுன்குலுஸ்' என்பதற்கும் அங்கிள்தான். 'அமித' ஆன்ட்டி, 'மாதெர்தெர'வும் ஆன்ட்டி. நம் வீட்டில் சித்தப்பாவை மாமா என்று கூப்பிட்டால் எப்படி இருக்கும்? ரோமானியர் காதில் இந்தக் குழப்பம் அப்படித்தான் விழும்.

ஆங்கிலத்தை விலக்கிவிட்டு நேராகத் தமிழுக்கு வாருங்கள். பத்ருவுஸ் அப்பாவோடு பிறந்தவர்: பெரியப்பா அல்லது சித்தப்பா. அவுன்குலுஸ் தாய்மாமன். அமித அத்தை. மாதெர்தெர பெரியம்மா அல்லது சித்தி. நினைவில் வைக்க வழி சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பத்ருவுஸுக்குள் அப்பா (பதெர்), மாதெர்தெரவுக்குள் அம்மா (மாதெர்). அவுன்குலுஸ் என்பது தாத்தாவைக் குறிக்கும் 'அவுஸ்' என்ற சொல்லின் குறுமை வடிவம், அதாவது 'குட்டித் தாத்தா'.

இது வெறும் சொல் விளையாட்டு அல்ல. கி.பி. 79இல் வெசூவியுஸ் எரிமலை வெடித்தபோது இறந்த ரோம எழுத்தாளர் மூத்த பிளினியைப் பற்றி இளைய பிளினி வரலாற்றாசிரியர் தாசிதுஸுக்கு எழுதிய கடிதம் இப்படித் தொடங்குகிறது: 'பெதிஸ் உத் திபி அவுன்குலீ மெயீ எக்ஸிதும் ஸ்க்ரீபம்'. என் தாய்மாமனின் முடிவை உனக்கு எழுதும்படி கேட்கிறாய் என்று பொருள். ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து தமிழுக்குக் கொண்டுவருபவர் அங்கிளைப் பார்த்து 'சித்தப்பா' என்று எழுதிவிட வாய்ப்புண்டு. மூத்தவர் தம் உயிலில் இளையவரைத் தத்தெடுத்தார். அதனால் வேறொரு கடிதத்தில் இளையவர் அவரை 'என் அவுன்குலுஸ், தத்து வழியில் தந்தையும்' என்கிறார். தாய்மாமன் என்று தெரியாமல் படித்தால் இந்த வரியின் சுவை போய்விடும்.

ஆங்கிலத்தில் கசின் என்று ஒரே சொல்லில் அடங்கும் உறவை ரோமச் சட்டம் மூன்றாகப் பிரிக்கிறது. ஜஸ்டினியன் பேரரசர் காலத்தில், 533இல், வெளிவந்த 'டைஜெஸ்ட்' தொகுப்பின் 38ஆம் நூல், 10ஆம் தலைப்பு முழுவதும் உறவுப் படிகளும் பெயர்களும்தான். அதில் காயுஸ் என்ற சட்ட அறிஞர் சொல்வது: இரு சகோதரர்களின் பிள்ளைகள் தங்களுக்குள் ஃப்ராத்ரேஸ் பத்ருவேலேஸ், இரு சகோதரிகளின் பிள்ளைகள் கோன்ஸொப்ரீனீ, அண்ணன் தங்கை பிள்ளைகள் அமிதீனீ. நமக்கு இது புரிய விளக்கம் தேவையில்லை. முதல் இரண்டும் பங்காளி முறை, உடன்பிறப்பு முறை. பத்ருவேலிஸுக்கு முன்னால் 'ஃப்ராதெர்', அதாவது சகோதரன், என்றே ஒட்டியிருக்கிறது. மூன்றாவது நம் அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை. ஆனால் 'கட்டிக்கொள்ளும் முறை' என்ற உரிமைப் பொருள் அமிதீனுஸில் கிடையாது. 'முறைமாப்பிள்ளை' என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். பொதுமக்கள் மூன்றையும் கோன்ஸொப்ரீனீ என்றே அழைத்தார்கள் என்றும் காயுஸே சொல்லிவிடுகிறார். எனவே கதையிலோ கடிதத்திலோ கோன்ஸொப்ரீனுஸ் வந்தால் தாய்வழி என்று அடித்துச் சொல்ல முடியாது.

இனி தமிழே நம்மை ஏமாற்றும் இடங்கள். நாம் மாமா என்று தாய்மாமனையும் மாமனாரையும் அழைப்போம். லத்தீனில் மாமனார் 'ஸொகெர்' மட்டுமே. அத்தையும் அப்படித்தான், மாமியார் 'ஸொக்ருஸ்', அமித அல்ல. சித்தி என்ற சொல் இன்னும் ஆபத்து. அம்மாவின் தங்கை மாதெர்தெர, அப்பா இரண்டாவதாகக் கட்டியவர் 'நொவெர்க'. ரோம இலக்கியத்தில் நொவெர்க என்றாலே கொடுமைக்காரி என்ற வாசனை உண்டு. பாவம், சித்தி முறைக்காரர் மேல் அதை ஏற்றிவிடக் கூடாது. மறுபக்கம் லத்தீனில் அண்ணனுக்கும் தம்பிக்கும் தனித்தனிச் சொல் இல்லை. ஃப்ராதெர் என்று மட்டும் இருந்தால் பிறந்த வரிசையை வேறு சான்றில் தேடிய பிறகே தமிழில் எழுத வேண்டும். தெரியாவிட்டால் 'சகோதரர்'.

கணவன் வீட்டு உறவுக்குச் சொற்கள் நுட்பமாக இருக்கின்றன. கொழுந்தன் 'லேவிர்', நாத்தனார் 'க்ளோஸ்', ஓரகத்திகள் 'யானித்ரீகேஸ்'. மனைவியின் சகோதரனுக்கு அப்படி ஒரு சொல் இல்லை, 'மனைவியின் சகோதரன்' என்றே விரித்து எழுதினார்கள். மனைவிதான் கணவன் வீட்டுக்கு வந்து வாழ்ந்தாள் என்பதால் இந்த ஏற்றத்தாழ்வு என்று விளக்குவதுண்டு.

உச்சரிப்பில் தமிழ் எழுத்து ஒருவகையில் வரம். லத்தீனில் எ-ஏ, ஒ-ஓ வேறுபாடு உண்டு. அதை நம் எழுத்து அப்படியே காட்டும். பதெர் குறிலில் தொடங்கும், மாதெர் நெடிலில். ஆனால் இடையில் வரும் த, ப, க மூன்றையும் நாம் மென்மையாக்கிவிடுவோம். பதெரின் த 'தலை'யின் த போல ஒலிக்க வேண்டும்; அதற்காகப் 'பத்தெர்' என்று இரட்டிக்கவும் கூடாது. இரட்டிப்பு லத்தீனில் பொருளை மாற்றும்: 'அனுஸ்' கிழவி, 'அன்னுஸ்' ஆண்டு. மருமகனைக் குறிக்கும் 'கெனெர்', நாத்தனாரைக் குறிக்கும் 'க்ளோஸ்' போன்றவற்றில் 'காந்தி'யின் க.

ஒவ்வொரு சொல்லையும் எழுவாய், ஆறாம் வேற்றுமை என இரண்டு வடிவமாகவே மனப்பாடம் செய்யுங்கள். ஸொரொர் (சகோதரி), ஸொரோரிஸ்; பதெர், பத்ரிஸ்; நெபோஸ் (பேரன்), நெபோதிஸ். இரண்டாவதில்தான் சொல்லின் வேர்ப்பகுதி தெரியும். '-உஸ்' என்று முடிந்தால் ஆண் என்ற விதியை ஸொக்ருஸும் மருமகளான 'நுருஸ்'உம் உடைக்கும். இரண்டும் பெண்பால், 'என் மாமியார்' என்பது 'மெஅ ஸொக்ருஸ்'. மகன்களுக்கு, மகள்களுக்கு இரண்டுமே இலக்கணப்படி 'ஃபீலியீஸ்' ஆகும். உயில் எழுதும்போது இது சிக்கலல்லவா? அதனால் மகள்களுக்கு 'ஃபீலியாபுஸ்' என்ற தனி வடிவம். ஒரு நாளைக்கு ஆறு சொல் போதும். ஒரு தாளில் உங்கள் குடும்ப மரத்தை வரைந்து, ஒவ்வொருவர் பெயருக்குக் கீழும் லத்தீன் முறையை எழுதினால் பட்டியலைவிட வேகமாகப் பதியும்.

இந்தச் சொற்கள் இன்று உண்மையில் தேவைப்படும் இடம் பழைய கத்தோலிக்கப் பதிவேடுகள். 1563இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் இவற்றைக் கட்டாயமாக்கியது. 1614இல் வந்த ரோமச் சடங்கு நூல் வாசக மாதிரிகளையும் கொடுத்தது. ஞானஸ்நானப் பதிவு இந்த வகையில் இருக்கும்: 'பாப்திஸாவீ மரியம் ஃபீலியம் லேகிதிமம் பெத்ரீ எத் அன்னை கொன்யுகும்'. பெத்ருஸ், அன்ன என்ற தம்பதியின் முறையான மகள் மரியவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தேன் என்று பொருள். இங்கே வழக்கமாக நடக்கும் பிழை, 'பெத்ரீ'யையே தகப்பன் பெயராக எழுதிவிடுவது. அது ஆறாம் வேற்றுமை, பெயர் பெத்ருஸ். 'அன்னை'யும் அம்மா அல்ல, அன்ன என்ற பெயரின் ஆறாம் வேற்றுமைதான். (தேவாலய உச்சரிப்பில் 'அன்னே' என்று கேட்கும்.) பத்ரீனுஸ் ஞானத்தகப்பன், மாத்ரீன ஞானத்தாய். தகப்பன் பெயருக்கு முன்னால் 'க்வொந்தம்' என்று இருந்தால் அவர் அப்போது உயிரோடு இல்லை. 'ரெலிக்த பெத்ரீ' என்றால் பெத்ருஸின் கைம்பெண்.

மிகுந்த கவனம் 'நெபோஸ்' என்ற சொல்லுக்கு. பழைய லத்தீனில் அது பேரன். பிற்காலத்தில் உடன்பிறந்தாரின் மகனையும் குறிக்கத் தொடங்கியது. போப்புகள் தங்கள் நெபோஸ்களுக்குப் பதவி கொடுத்ததில் பிறந்ததுதான் 'நெபாட்டிசம்'; அந்த வழக்கத்தை 1692இல் பன்னிரண்டாம் இன்னொசென்ட் தடை செய்தார். பதிவேட்டில் நெபோஸ் வந்தால் இருவரின் வயது வித்தியாசத்தைக் கணக்கிட்டுப் பார்க்காமல் மரத்தில் கோடு போட வேண்டாம்.

திருமணப் பதிவில் 'இன் ஸெகுந்தோ க்ரதூ', இரண்டாம் படி உறவுக்கு விலக்கு (நெருங்கிய உறவில் மணக்கத் திருச்சபை தரும் அனுமதி) பெற்று மணம் என்று இருப்பதுண்டு. படியைக் கணக்கிட, ரோமச் சட்டம் பொது மூதாதை வரை இரு பக்கமும் ஆட்களை எண்ணும், மூதாதையை மட்டும் விட்டுவிடும். அதில் அண்ணன் தங்கை இரண்டாம் படி, அவர்கள் பிள்ளைகள் நான்காம் படி. திருச்சபையோ 1983 சட்டத் தொகுப்பு வரும்வரை ஒரு பக்கத்தை மட்டுமே எண்ணியது. இரு பக்கமும் சமமில்லாவிட்டால் நீளமான பக்கத்தை. ஆகவே பழைய பதிவேட்டின் இரண்டாம் படி பெரும்பாலும் சித்தப்பா பிள்ளை, மாமன் பிள்ளை வகை. ரோமக் கணக்கை அங்கே வைத்தால், அண்ணனுக்கும் தங்கைக்கும் கல்யாணம் செய்துவைத்த பாதிரியார் ஒருவர் உங்கள் குறிப்பேட்டில் முளைத்துவிடுவார்.