மோட்டார் போட்டதும் 12 வோல்ட் ஏன் விழுகிறது?

பாலக்கோடு பக்கக் கிராமங்களில் கிணற்று மோட்டார்கள் ஒரே நேரத்தில் ஓடினால், வீட்டு லைனில் 230 வோல்ட் 180 வரை இறங்குவது உண்டு. அப்போதும் 12 வோல்ட்டை அசையாமல் தருவதுதான் எஸ்.எம்.பி.எஸ். (கரண்டை வேகமாக ஆன்-ஆஃப் செய்து டி.சி. தரும் பவர் சப்ளை) வேலை. வீட்டில் கட்டிய சப்ளை அந்த நேரத்தில் 10 வோல்ட்டுக்கு விழுந்தால் பலரும் உடனே ஐ.சி.யை மாற்றுகிறார்கள். அதற்கு முன் போர்டில் ஒரே ஒரு காலின் (பின்) வோல்ட்டை மட்டும் அளந்து பாருங்கள்.

அது டி.எல்.431இன் ரெஃபரன்ஸ் கால். வெளியீட்டு வோல்ட்டைக் கண்காணிக்கும் மூன்று கால் சிப் இது. வெளியீட்டை இரண்டு ரெசிஸ்டர்கள் பிரித்து அதற்குக் கொடுக்கின்றன. மேலே 38 கிலோ ஓம், கீழே 10 கிலோ ஓம் என்றால், 12 வோல்ட் வரும்போது அந்தக் காலில் 2.5 வோல்ட் நிற்கும். அதைத் தாண்டினால் டி.எல்.431 அதிகமாகக் கடத்தும், ஆப்டோகப்ளரின் (இரு பக்கங்களுக்கு நடுவே ஒளியால் செய்தி அனுப்பும் பாகம்) எல்.இ.டி. பிரகாசமாகும், எதிர்ப்பக்கத்தில் கட்டுப்பாட்டு ஐ.சி.யான யூ.சி.3842, ஸ்விட்சாக வேலை செய்யும் மாஸ்ஃபெட்டை ஆனில் வைக்கும் நேரத்தைக் குறைக்கும். வோல்ட் குறைந்தால் இதெல்லாம் தலைகீழாக நடக்கும்.

லோடு மாட்டி, மீட்டரின் கறுப்பு முனையை 12 வோல்ட் பக்கக் கிரவுண்டில் வையுங்கள். காலில் சரியாக 2.5 இருந்தும் வெளியீடு தப்பாக வந்தால், பிரிக்கும் ரெசிஸ்டர்களைப் பாருங்கள். 2.5ஐத் தாண்டி வெளியீடும் எகிறினால், 'குறை' என்ற கட்டளை போய்ச் சேரவில்லை. டி.எல்.431 அல்லது ஆப்டோகப்ளர் போயிருக்கலாம்.

2.5க்குக் கீழே இருந்தால்தான் யோசிக்க வேண்டும். ஆப்டோகப்ளர் எல்.இ.டி.யின் இரு கால்களுக்கு நடுவே வோல்ட் பாருங்கள். 1.1 அளவில் இருந்தால், தேவையில்லாமல் யாரோ 'குறை' என்கிறார்கள், டி.எல்.431 லீக் ஆகிறது. எல்.இ.டி. அணைந்தே இருந்தால் கட்டளை சரி, பவர் பக்கம்தான் தர முடியாமல் திணறுகிறது.

மோட்டார் ஓடும்போது மட்டும் விழுகிறதா? மெயின்ஸ் பக்கம் டி.சி.யைச் சேமித்துச் சீராக்கும் பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டரைச் சந்தேகியுங்கள். 180 வோல்ட் ஏ.சி.யை டி.சி. ஆக்கினால் உச்சம் சுமார் 254 வோல்ட்தான். நொடிக்கு 100 முறை வரும் உச்சங்களுக்கு நடுவே லோடைத் தாங்குவது அந்த கெப்பாசிட்டர். பழைய டிவி போர்டில் கழற்றியது என்றால் கொள்ளளவு குறைந்திருக்கும். நடுப்பள்ளம் ஆழமாகி, 12 வோல்ட்டிலும் அந்த ஆட்டம் தெரியும்.

வோல்ட் நிலையில்லாமல் அலைந்தால் கதை வேறு. டி.எல்.431க்கு குறைந்தது 1 மில்லிஆம்பியர் ஓட வேண்டும். ஆப்டோ எல்.இ.டி.க்கு இணையாக 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்தால் சரியாகலாம்.

முதல் முறை ஆன் செய்யும்போது சீரிஸ் பல்ப் (மெயின்ஸ் லைனில் தொடராக மாட்டும் குண்டு பல்ப்) கட்டாயம் வேண்டும். ஆனால் ரெகுலேஷன், அதாவது 12 வோல்ட் அசையாமல் நிற்கிறதா என்று, சோதிக்கும்போது அதைக் கழற்றிவிடுங்கள். லோடு ஏறினால் பல்ப் தானே வோல்ட்டைத் தின்றுவிடும், இல்லாத கோளாறு இருப்பதுபோல் தெரியும். அப்புறம், போர்டில் கை வைக்கும் முன் பெரிய கெப்பாசிட்டரின் வோல்ட்டை மீட்டரில் பாருங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் அதில் தங்கியிருக்கலாம்.