'இனி எந்தப் பாத்தியமும் இல்லை' என்று எழுதிக் கொடுத்தவர்களுக்கு

ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனியிலோ தோல் பதனிடும் இடத்திலோ கணக்கு முடித்து அனுப்பும்போது ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன். இனி நிர்வாகத்தின் மீது எனக்கு எந்தவிதக் கோரிக்கையும் பாத்தியமும் இல்லை. யாருடைய தூண்டுதலும் இன்றி முழு மனதுடன் கையொப்பமிடுகிறேன்." வேலூர் சத்துவாச்சாரி கோர்ட்டுக்கு இந்தத் தாளோடு வருகிறவர்கள் பாதிப் பேர், இனி ஒன்றும் செய்ய முடியாது என்ற முடிவோடுதான் வருகிறார்கள். அப்படிக் கைவிட வேண்டியதில்லை.

கையெழுத்துப் போட்ட நாளில் இரண்டு தரப்புக்கும் இடையே என்ன தகராறு இருந்தது, எதற்காகப் பணம் கை மாறியது என்பதை வைத்துத்தான் நீதிமன்றம் அந்த வரியைப் படிக்கும். பி.சி.சி.ஐ. என்ற வங்கியின் வழக்கில் அப்போது இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 2001-ல் சொன்னது இதற்கு நல்ல உதாரணம். வேலையிழந்த ஊழியர்கள் "எல்லாக் கோரிக்கைகளையும்" விட்டுவிடுவதாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். வங்கிக்குள் நடந்த மோசடி பிறகுதான் வெளியே வந்தது. அங்கே வேலை பார்த்தவர்கள் என்பதாலேயே வேறு இடத்தில் வேலை கிடைக்கவில்லை. கையெழுத்துப் போட்டபோது யார் மனதிலும் இல்லாத அந்த நஷ்டத்தை, பொதுவான ஒரு வாசகம் அடைத்துவிடாது என்றது தீர்ப்பு.

நம் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். இரண்டுமே இன்சூரன்ஸ் வழக்குகள். 2008-ல் போகாரா பாலிஃபேப் வழக்கு: முழுத் தொகையும் பெற்றதாக எழுதிய வவுச்சரில் கையெழுத்துப் போட்டால்தான் பணம் என்றார்கள், நெருக்கடியில் போட்டோம் என்றது இன்சூரன்ஸ் எடுத்திருந்த கம்பெனி. வவுச்சர் இருப்பதாலேயே தகராறு தீர்ந்ததாகாது, நிர்ப்பந்தம் இருந்ததா என்று விசாரிக்கலாம் என்றது நீதிமன்றம். 2014-ல் ஜீனஸ் பவர் வழக்கு: கையெழுத்துப் போட்டு ஏறக்குறைய மூன்று வாரம் சும்மா இருந்துவிட்டு, அப்புறம் மிரட்டி வாங்கினார்கள் என்று நோட்டீஸ். விவரமோ ஆதாரமோ இல்லாத வெறும் குற்றச்சாட்டு என்று நீதிமன்றம் ஏற்கவில்லை. நம் ஊர்க்காரர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த இரண்டாவது தீர்ப்பைத்தான். கட்டாயப்படுத்தி வாங்கியிருந்தால் அன்றைக்கோ மறுநாளோ, யார் என்ன சொன்னார்கள் என்று விவரமாக எழுதி ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பிவிடுங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை விஷயம் வேறு. அது சட்டம் கொடுத்த உரிமை, ஒப்பந்தம் போட்டுக் குறைக்க முடியாது. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 13,000 ரூபாய், சர்வீஸ் 12 வருடம் என்று வையுங்கள். 13,000-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, 12-ஆல் பெருக்கினால் 90,000. கையில் 40,000 கொடுத்து "எல்லாம் முடிந்தது" என்று எழுதி வாங்கியிருந்தாலும் மீதி 50,000 கேட்கலாம்.

குடும்பச் சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் விடுதலைப் பத்திரத்தில் அடியில் கண்ட சொத்து விவரத்தைப் பாருங்கள். காட்பாடி வீட்டுக்கு மட்டும் அக்கா எழுதிக் கொடுத்திருந்தால், அதைக் காட்டிக் குடியாத்தத்து நிலத்திலும் பங்கில்லை என்று தம்பி சொன்னால் பெரும்பாலும் நிற்காது.

லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றத்தில் போடும் சமரசத்தை மட்டும் இப்படி நினைத்துவிடாதீர்கள். அதற்கு அப்பீல் கிடையாது. மோசடி போன்ற காரணம் இருந்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம், அதுவும் சுலபமில்லை. அங்கே கையெழுத்துக்கு முன் ஒவ்வொரு வரியையும் தமிழில் படித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பெண்களுக்கும் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலேயே இலவச வக்கீல் உண்டு, 1987-ஆம் வருடச் சட்டப்படி. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் போதும்.