கல்லீரல் முதலில் யாருக்கு?

"நாங்கதானே டாக்டர் முதல்ல பதிவு பண்ணினோம், பின்னால வந்தவருக்கு எப்படிக் கொடுத்தாங்க?" கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கும் குடும்பங்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. கோபம் புரிகிறது. ஆனால் முந்தி வந்தவருக்கு முந்திக் கொடுத்தால், நோயைச் சீக்கிரம் கண்டுபிடிக்க வசதியுள்ளவர்தான் எப்போதும் முந்துவார்.

அமெரிக்காவில் 2002இல் காத்திருந்த நாட்களின் செல்வாக்கைக் குறைத்து 'மெல்டு' மதிப்பெண்ணைக் கொண்டுவந்தார்கள். மஞ்சள் காமாலையில் கூடும் பிலிருபின், சிறுநீரகம் பழுதானால் கூடும் கிரியாட்டினின், ரத்தம் உறையும் தன்மையைக் காட்டும் ஐஎன்ஆர். இவற்றை வைத்து, அடுத்த மூன்று மாதத்தில் உயிருக்குள்ள ஆபத்தை 6 முதல் 40 வரை ஓர் எண்ணாகக் கணக்கிட்டார்கள். எண் கூடக்கூட முன்னுரிமை. சிபாரிசுக்கு அதில் கட்டமே கிடையாது.

ஆனால் எண்ணும் ஓரவஞ்சனை செய்யும். கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. பெண்களுக்குப் பொதுவாகத் தசை குறைவு. சிறுநீரகம் ஒரே அளவு பழுதாகியிருந்தாலும் ஆணின் ரிப்போர்ட்டில் 1.6 என்று வருவது பெண்ணின் ரிப்போர்ட்டில் 1.2 என்று வரக்கூடும். ஆபத்து அதே, மதிப்பெண் மட்டும் குறைவு. யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. அதனாலேயே கண்ணில் படவும் இல்லை. 2023இல் நடைமுறைக்கு வந்த 'மெல்டு 3.0' பெண்களுக்கு 1.33 புள்ளி கூட்டியது. இடையில் 21 ஆண்டுகள்!

"மிக மோசமானவருக்குக் கொடுத்து வீணாக்குவதைவிட, நீண்ட நாள் வாழப்போகிறவருக்குக் கொடுக்கலாமே" என்று சக மருத்துவர்கள் சிலர் வாதிடுவார்கள். அமெரிக்காவில் நுரையீரலுக்கு 2005 முதல் காத்திருக்கும்போதுள்ள ஆபத்து, அறுவைக்குப் பின் வாழும் வாய்ப்பு இரண்டையும் சேர்த்தே கணக்கிட்டார்கள். பிழைக்கவே வாய்ப்பில்லாத நிலையில் கொடுக்கக் கூடாது என்பதில் எனக்கும் மறுப்பில்லை. அதற்கு மேல் போகத் தயங்குகிறேன். காத்திருக்கும்போது யார் இறக்கக்கூடும் என்பதை மெல்டு ஓரளவு நன்றாகவே சொல்லும்; அறுவைக்குப் பிறகு யார் நீண்ட நாள் வாழ்வார் என்பதைச் சொல்வதில் அது பலவீனமானது. அரைகுறை ஆரூடத்தை நம்பி ஒருவரைப் பின்னுக்குத் தள்ள மனம் ஒப்பவில்லை.

கல்லீரலில் புற்றுநோய் இருப்பவருக்கு மெல்டு குறைவாகவே காட்டலாம். அவர்களுக்குத் தனி விதிவிலக்குப் புள்ளிகள் உண்டு.

மதிப்பெண் முறையில் காத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ரத்தப் பரிசோதனைத் தேதி. அமெரிக்க விதிப்படி மதிப்பெண் 25ஐ எட்டிவிட்டால் வாராவாரம் புதுப்பிக்க வேண்டும். தவறினால் முந்தைய குறைந்த எண்ணுக்கு இறக்கிவிடுவார்கள். பரிசோதனைக்கூடம் தொலைவில் இருப்பவர்தான் இதில் அடிபடுவார். ஆகவே உங்கள் மருத்துவக் குழுவிடம் இரண்டைக் கேட்டு எழுதி வையுங்கள்: என் எண் இப்போது என்ன, அடுத்த பரிசோதனை எந்தத் தேதிக்குள்?